விலை கொடுத்து உண்ணும் சோறு

அன்னம் இடுவது அறம் என்பதில் தமிழ்நாட்டில் வேரூன்றிய சமயங்களுக்கிடையே பிணக்கு இருந்ததில்லை. சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் கடுமையாக வாதிட்டார்கள் என்றாலும், பசித்து வந்தவருக்குச் சோறிட வேண்டும் என்னும் இடத்தில் ஒருவரோடொருவர் உடன்பட்டார்கள். ஆனால் சமைத்த சோற்றைக் காசுக்கு விற்பது அறமா, அறத்துக்குப் புறம்பானதா, அல்லது அறத்தோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத வெறும் பிழைப்பா என்னும் கேள்வி அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. தேநீர்க் கடையின் பெஞ்சிலும் மெஸ்ஸின் இலையிலும் நட்சத்திர விடுதியின் மேசையிலும் உண்பது அன்றாட வாழ்க்கையின் பகுதியாகிவிட்ட காலத்தில், அந்தக் கேள்வியை அற்பமானதென்று ஒதுக்கிவைக்க முடியாது. மனிதர் தமக்கு முற்றிலும் அறிமுகமில்லாத ஒருவர் சமைத்ததை எவ்வித அச்சமுமின்றித் தம் உடலுக்குள் ஏற்றுக்கொள்ளும் இடம் உணவு விடுதி என்பதை எண்ணிப் பார்த்தால், அங்கே நிகழ்வது சிறிய செயலன்று என்பது விளங்கும்.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது, புதிதாகப் புனையப்படும் யாப்பையே அச்சொல்லால் குறிக்கிறது. அந்தப் பொருளின்வழியே, புதிதாக வந்தவர், அதாவது முன்பின் அறியாதவர், விருந்தினர் எனப்பட்டார். இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வள்ளுவர் வரிசைப்படுத்தும்போது விருந்தையும் ஒக்கலையும், அதாவது அயலாரையும் சுற்றத்தாரையும், தனித்தனியாகவே எண்ணுகிறார். அத்தை மகனையும் அலுவலக நண்பரையும் அழைத்து உண்பிப்பதை விருந்து என்பது பிற்கால வழக்கு. இச்சொல்லின் பழம்பொருளை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், வீட்டுக்கு அழைக்கப்பட்ட உறவினரைவிட, பேருந்திலிருந்து இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும் பெயர் தெரியாத பயணியே விருந்தினர் என்னும் சொல்லுக்கு நெருக்கமானவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் காசு கொடுக்கிறார் என்பது ஒன்றுதான் தடை. அந்தத் தடை உண்மையில் எவ்வளவு பெரியது என்பதே இங்கு ஆராய வேண்டியது.

சோறும் பண்டமும் விற்பது தமிழகத்தில் புதிதாகப் புகுந்த வழக்கமன்று. மதுரைக்காஞ்சி நள்ளிரவு மதுரையைக் காட்டும்போது, மெல்லிய அடையையும் பூரணம் வைத்த மோதகத்தையும் விற்கும் கூவியர், அதாவது அப்ப வாணிகர், தம் சரக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிவதைக் காட்டுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்பவரையும் அப்பம் விற்பவரையும் கள் விற்பவரையும் மீன் விற்பவரையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறது. இவர்களைப் பற்றிக் கூறும் புலவர்களிடம் இகழ்ச்சி இல்லை. நகரம் நகரமாக இருப்பதன் அடையாளங்களில் ஒன்றாகவே அவர்கள் காட்டப்படுகிறார்கள்.

வடமொழித் தரும நூல்களின் நோக்கு வேறு. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், இடர்ப்பட்ட காலத்தில் அந்தணன் வணிகம் செய்து பிழைக்கலாம் என்று இசைவளித்துவிட்டு, அப்போதும் அவன் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சமைத்த அன்னத்தைச் சேர்க்கிறது. மகாபாரத வனபருவத்தில் மார்க்கண்டேயர் யுகத்தின் முடிவில் தோன்றும் கேடுகளைச் சொல்லும்போது, நாட்டு மக்கள் அன்னத்தை விற்பவர்களாக ஆவார்கள் என்பதை அக்கேடுகளுள் ஒன்றாக வைக்கிறார் என்பது மரபான உரை. நெல்லை விற்கலாம், அரிசியை விற்கலாம், சோற்றை மட்டும் விற்கலாகாது என்பது முதலில் விந்தையாகத் தோன்றினாலும், அதன் பின்னணியில் ஒரு கொள்கை இருக்கிறது. நெல் ஒரு பொருள். அதை வாங்குபவர் தம் வீட்டில் தம் நெருப்பில் தம் கையால் சமைத்துக்கொள்வார். சோறோ சமைத்தவரின் கையையும் நெருப்பையும் நீரையும் மனநிலையையும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், அது உண்பவரை நோக்கித் திரும்பிய ஓர் உறவு. உறவை விலைப்படுத்துவது தகாது என்பதே அந்தத் தடையின் உள்ளார்ந்த நியாயம்.

இந்தக் கொள்கையின் தத்துவ வடிவத்தை ஆகார சுத்தி, அதாவது உணவின் தூய்மை, பற்றிய வேதாந்தச் சர்ச்சையில் காணலாம். ஆகாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும் என்னும் கருத்தைச் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. இதற்கு உரை செய்த சங்கரர், ஆகாரம் என்பது வாயால் உண்ணுவது மட்டுமன்று, கண்ணும் செவியும் பிற புலன்களும் உள்ளே கொண்டுவருவன அனைத்துமே ஆகாரம் என்று விரித்து, விருப்பும் வெறுப்பும் மயக்கமும் கலவாத புலனறிவையே தூய உணவாகக் கொண்டார். இராமானுசர் உணவை உணவாகவே கொண்டு, பக்தி நெறிக்குத் துணையாகும் விவேகம் என்பதை விளக்கும் முன்னோர் வாக்கைப் பின்பற்றி, அன்னத்துக்கு வரும் குற்றங்கள் மூன்று என்றார். பூண்டு போன்ற பொருள்களில் இயல்பாகவே உள்ளது சாதி தோஷம். இங்கே சாதி என்பது உணவுப்பொருளின் வகையைக் குறிக்கும். யாரிடமிருந்து அன்னம் வருகிறதோ அவரைச் சார்ந்தது ஆசிரய தோஷம். மயிர், தூசி முதலியன விழுவதால் நேர்வது நிமித்த தோஷம்.

இம்மூன்றையும் ஓர் உணவு விடுதியின் வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலாவதை உணவுப் பட்டியல் தீர்த்துவைக்கிறது. வெங்காயமும் பூண்டும் சேராத உணவு வேண்டுவோருக்குத் தனி விடுதிகளே உண்டு. மூன்றாவதை நகராட்சிச் சுகாதாரப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதை மட்டும் எந்த ஏற்பாட்டாலும் தீர்க்க முடியாது. அடுப்படியில் நிற்பவர் யார், மாவாட்டியவர் எந்த ஊர், பாத்திரம் துலக்கியவர் எந்தக் குலம் என்று கல்லாவில் காசு கொடுப்பவர் அறிய வழியில்லை. அன்னத்தின் ஆசிரயத்தை, அதன் தோற்றுவாயை, அறியாமலே அதை உண்பது என்பதுதான் உணவு விடுதியின் சமயப் பொருள். மரபு எதை அஞ்சியதோ அதையே இந்த நிறுவனம் தன் அடித்தளமாக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் காபி கிளப்புகளும் சிற்றுண்டிச் சாலைகளும் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் வாசலில் ‘பிராமணாள்’ என்ற சொல் பொறித்த பலகை ஏன் தொங்கியது என்பதை இந்தக் கோணத்திலிருந்தே புரிந்துகொள்ள முடியும். ஏ. ஆர். வேங்கடாசலபதி, காப்பியின் சமூக வரலாற்றை ஆராய்ந்த ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரையில், அப்புதிய பானத்தோடு சேர்ந்து வளர்ந்த இந்த இடங்களையும் அவற்றில் நிலவிய சாதிப் பிரிவினையையும் விளக்கியிருக்கிறார். அன்னத்தை விற்கக் கூடாது என்ற விதியைக் கைவிட்டவர்களே, அந்த விதிக்குக் காரணமாயிருந்த ஆசிரய அச்சத்தைக் கைவிடாமல், அதையே விளம்பரப் பலகையாக்கிக்கொண்டார்கள் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய முரண் அன்று. தடை போய்விட்டது, தடையின் கசப்பு மட்டும் எஞ்சியது. சமைப்பவர் யார் என்பதற்குச் சான்றாக எழுந்த அந்தப் பலகை, உண்பவர் யார் என்று கேட்கும் பலகையாகவும் ஆயிற்று. ஒரே கூரையின்கீழ் பிராமணருக்கு ஓர் அறையும் மற்றவர்க்கு வேறோர் அறையும், சிலருக்கு வாசலுக்கு வெளியே நிற்கும் இடமும் என்று அது பிரிந்தது. ரயில் நிலையத்து உணவுச் சாலைகளிலும் இதே பிரிவினை நிலவியது.

பெரியார் ஈ. வெ. ராமசாமி இதை எதிர்த்து நடத்திய போராட்டங்களில் 1957ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன் தொடங்கிய மறியல் குறிப்பிடத்தக்கது. மாதக்கணக்கில் நீண்ட அந்த மறியலில் தொண்டர்கள் தொடர்ந்து கைதானார்கள். இறுதியில் பலகையிலிருந்து அச்சொல் நீங்கியது. ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் பசியோடு வந்தவரின் முன் அந்தச் சொல் செய்த வேலையை உணர்ந்தவர்களுக்கு அக்கேள்வி எழாது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்று பெயர் சுட்டியே சொல்லியிருந்தது. அடிப்படை உரிமைகளைப் பேசும் ஒரு சாசனம் உணவு விடுதியைக் குறித்துச் சொல்ல நேர்ந்ததே, அங்கே நிகழ்ந்துகொண்டிருந்த அவமதிப்பின் ஆழத்துக்குச் சான்று. சட்டம் எட்டாத சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை, அதாவது தலித்துகளுக்கென்று தனியாக ஒதுக்கிவைத்த குவளை, பின்னும் நெடுங்காலம் நீடித்தது. தேநீர் ஒன்று, விலை ஒன்று, குவளை மட்டும் இரண்டு என்னும் அந்த ஏற்பாட்டில், வணிகம் எவ்வளவுதான் நடந்தாலும் விருந்து நிகழவில்லை.

இதே உண்மை வேறொரு நாட்டிலும் வெளிப்பட்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1ஆம் நாள் கறுப்பின மாணவர் நால்வர் வுல்வொர்த் கடைக்குள் சென்று, சில பொருள்களை வாங்கிப் பணம் கொடுத்துவிட்டு, அதே கடையின் உணவு மேடையில் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து காபி கேட்டார்கள், காபி மறுக்கப்பட்டது. அவர்களுடைய காசு கடைக்கு ஏற்புடையதாகவே இருந்தது. அவர்கள் உட்கார்ந்து உண்பதுதான் ஏற்கப்படவில்லை. பொருளை விற்பதும் சோறிடுவதும் ஒன்றல்ல என்பதைத் தரும சாஸ்திரத்தைக் கேள்வியுற்றிராத அந்தக் கடைக்காரர்களும் தம் செயலால் ஒப்புக்கொண்டார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. உடன் அமர்ந்து உண்ணும்போது மனிதர் ஒருவரையொருவர் நிகரானவராக ஏற்றுக்கொண்டுவிடுகிறார் என்பதால்தான் உண்ணுமிடத்தில் இவ்வளவு காவல் போடப்பட்டது.

இவ்வளவையும் கண்ட பிறகு, விலையை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நேர்மையாகாது; விலையற்ற சோற்றின் வரலாறும் கறையற்றதன்று. தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் கட்டிய சத்திரங்கள் வழிப்போக்கர் பலரின் உயிரைக் காத்தவை. அவற்றைக் கட்டியவர்களின் கருணை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் சத்திரத்தில் இலை போடுமுன் வந்தவரின் குலம் தெரிந்தாக வேண்டும். குலத்துக்கேற்பவே பந்தியும் பண்டமும் அமைந்தன. கொடை, பெறுபவரைப் பார்த்து, நீ யார் என்று கேட்கும் இயல்புடையது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் வெளிவந்த ‘கொடை’ பற்றிய ஆய்வில், திருப்பிச் செலுத்த முடியாத கொடை பெறுபவரைத் தாழ்த்துகிறது என்பதைப் பல சமூகங்களின் வழக்கங்களைக் கொண்டு நிறுவினார். காசு கொடுத்து உண்டவர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். எழுந்து கை கழுவியதும் அவர் முன்போலவே சுதந்திரர். இம்மானுவேல் காண்ட் 1795ஆம் ஆண்டு எழுதிய ‘நிலையான அமைதி’யில், அந்நியரை ஏற்பது இரக்கத்தின் பாற்பட்டதன்று, அது அந்நியரின் உரிமை என்றார். பகைவராக நடத்தப்படாமல் வந்துபோகும் உரிமையை மட்டுமே அவர் கருதினார். அந்நியரை ஒருவர் வீட்டு விருந்தினராக ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம் அன்று. ஆயினும் இரக்கத்திலிருந்து உரிமைக்கு நகரும் அந்த நகர்வு, சத்திரத்திலிருந்து உணவு விடுதிக்கு வந்த நகர்வோடு ஒத்தது. விலை என்பது, நீ யார் என்ற கேள்வியை வாயடைக்கச் செய்யும் ஆற்றல் பெற்றது. பலகை தொங்கவிட்டவர்கள் செய்த தவறு, விலையின் இந்த நல்லியல்பை அதனிடமிருந்து பறித்தது.

நீ யார் என்று கேட்காத விலை, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாம் கேள்வியைத் தணிக்கும் முயற்சிகளில் 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்கள் தத்துவ நோக்கிலும் கருதத்தக்கவை. இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய், சாம்பார்சாதம் 5 ரூபாய் என்று வைத்த விலை சமையற் செலவை ஈடுசெய்யாது; அரசு அதை முழுவதுமே இலவசமாக வழங்கியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு ரூபாய்க்கு வேறு பயன் உண்டு. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் சுமைதூக்குபவர் அங்கே இரப்பவர் அல்லர், வாங்குபவர். கொடையின் கருணையையும் விலையின் மரியாதையையும் ஒரு நாணயத்தில் சேர்த்த ஏற்பாடு அது.

பசிக்கும் தெரிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே குறுக்கிடுகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில், குரு நாடு பாழான காலத்தில் வறுமையுற்ற உஷஸ்தி என்னும் முனிவர், யானைப்பாகர் ஊரில் ஒருவன் உண்டுகொண்டிருந்த பயற்றின் மிச்சத்தை இரந்து உண்கிறார். ஆனால் அவன் நீரையும் நீட்டியபோது, எச்சில் என்று மறுக்கிறார். பயறும் எச்சில்தானே என்று அவன் கேட்க, அதை உண்ணாவிடில் உயிர் தரியாது, நீரோ வேண்டியபடி கிடைக்கும் என்பது அவர் தரும் விடை. விதி என்பது தெரிவு செய்ய முடிந்தவருக்கே உரியது, உயிர் போகும் பசியில் அது தானே விலகும் என்பது இதன் பொருள். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இதன் மறுபக்கம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைச் சிந்தாதேவியிடம் பெற்ற ஆபுத்திரன் பாண்டிய நாட்டின் பஞ்சத்தில் எண்ணற்றோரை உண்பிக்கிறான். அவன் தன்னை மதிக்காததால் சினந்த இந்திரன் மழை பொழிவித்து நாட்டைச் செழிக்கச் செய்ய, பசித்தவரே இல்லாமற்போகிறார்கள். கையில் பாத்திரத்தோடு ஊர்தோறும் உண்பாரைத் தேடி அலைந்து, ஏளனத்துக்கு ஆளாகி, கடைசியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டபோது, பலரை ஊட்டும் பாத்திரத்தால் தன் ஒருவன் வயிற்றை நிரப்ப மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். கொடுப்பவருக்கு வாங்குபவரின் பசி தேவைப்படுகிறது என்பதை இவ்வளவு துயரத்தோடு சொன்ன காப்பியம் வேறு இருப்பது அரிது.

இந்திரன் மழை பெய்வித்த பிறகான உலகத்தின் நிறுவனமே இன்றைய உணவு விடுதி என்று கூறலாம். பாரிஸ் நகரில் 1760களில் இந்நிறுவனம் தோன்றியபோது, ரெஸ்தொராந் என்ற சொல் உடலைத் தேற்றும் ஒருவகைச் சாற்றையே குறித்தது; அதற்கு முன் விடுதிகளில் குறித்த நேரத்தில் பொது மேசையில் வைத்ததை எல்லாரும் உண்ண, இங்கோ தனி மேசையும், விரும்பிய நேரமும், பட்டியலில் விரும்பியதைச் சுட்டும் உரிமையும் வாய்த்தன. பந்தி கலைந்து மேசையானது இப்படித்தான். பந்தியில் அமர்ந்தவர் தம் விருப்பத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளப் பழகினார். மேசையில் அமர்பவர் தம் விருப்பம் என்னவென்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளப் பழகுகிறார். இரண்டும் பயிற்சியே என்றாலும், பின்னதில் அடுத்த இலையில் என்ன குறைகிறது என்று பார்க்கும் கண் மங்கிவிடுகிறது. இந்த இழப்பைப் பொருட்படுத்தாமல் விடுவது சரியன்று.

ஆயினும் தமிழ்நாட்டு முழுச்சாப்பாட்டுக் கடைகளில் பந்தியின் ஒரு பழக்கம் விலைக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. அளவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே, கேட்கக் கேட்கச் சோறும் குழம்பும் ரசமும் மோரும் இடும் அளவில்லாச் சாப்பாடு விற்கப்படுகிறது; விலை முன்பே முடிவாகிவிட்டதால், இரண்டாம் முறை வாளியோடு வரும் பரிமாறுபவர் இடுவது எந்தக் கணக்கிலும் சேராது. போதும் என்று கையை இலைக்குமேல் குறுக்கே வைத்த பிறகும் ஒரு கரண்டி விழுந்தால், அந்தக் கரண்டிக்கு விலை இல்லை. விற்பனையும் விருந்தும் பிரியும் எல்லை அந்தக் கரண்டியில் இருக்கிறது. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பிலுள்ள ‘சோற்றுக்கணக்கு’ என்னும் சிறுகதை இந்த எல்லையைப் பற்றியதே. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் உணவு விடுதி நடத்தும் கெத்தேல் சாகிப் யாரிடமும் காசு கேட்பதில்லை. ஒரு பெட்டி இருக்கிறது, விரும்பியவர் விரும்பியதைப் போடலாம், போடாமலும் போகலாம். ஏழை மாணவன் ஒருவன் பல காலம் அங்கே உண்டு, பின்பு சம்பாதித்து, தான் உண்டதையெல்லாம் கணக்கிட்டுப் பணம் சேர்த்துக் கொண்டுவந்து பெட்டியில் போடுகிறான். சாகிப் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் வழக்கம்போல் அவன் இலையில் மீனும் சோறும் இடுகிறார். கணக்கு தீர்ந்தது என்று வந்தவனுக்குக் கணக்கே இருந்ததில்லை என்று தெரிகிறது.

கதையில் ஒருவர் செய்ததை ஒரு சமூகமே ஆண்டுதோறும் செய்வதைக் காட்ட மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டி உண்டு. முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் தமிழகமெங்கும் அசைவ உணவு விடுதிகள் நடத்துவோர் பலரின் பூர்வீகம் அந்தச் சிற்றூர். கடைகளின் பெயருக்கு உரியவர் அவ்வூர்க் காவல் தெய்வமான முனியாண்டி. ஆட்டுக்கறியும் வெங்காயமும் பூண்டும் மணக்கும் இந்தக் கடைகள் ஆசிரயம், சாதி என்னும் தோஷக் கணக்குகளுக்கு முற்றிலும் வெளியே நின்று வளர்ந்தவை என்பதை மறக்கக் கூடாது. நாள்தோறும் முதலில் உண்பவர் தரும் பணத்தைச் சாமிக்கென்று தனியே எடுத்துவைப்பது அவர்களிடையே உள்ள வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் திருவிழாவுக்கு அவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடி, சேர்ந்த பணத்தில் ஆடும் சேவலும் வாங்கி, இரவெல்லாம் அண்டாக்களில் பிரியாணி சமைத்து முனியாண்டிக்குப் படைக்கிறார்கள். விடிந்ததும், கல்லாவில் உட்கார்ந்து ஆண்டு முழுவதும் காசு வாங்கிய கைகள், வந்து நிற்கும் எல்லாருக்கும், எந்த ஊர் என்றோ என்ன குலம் என்றோ கேளாமல், அதை அள்ளி அள்ளிக் கொடுக்கின்றன.